பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

1972 ஜனவரி 20, இங்கிலாந்தின் பிரைட்டன் நகர டோம் அரங்கு. இன்னும் ஒலிப்பதிவே செய்யாத ஒரு புதுப் படைப்பை பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு முழுசாக வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. 'மணி' பாட்டுக்கு வந்தபோது கருவிகள் சொதப்பின, அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் போர்ட்ஸ்மத்தில்தான் முதல்முறையாக அது தொடக்கம் முதல் முடிவு வரை ஓடியது. 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' என்ற பெயரில் இசைத்தட்டாகக் கடைக்கு வந்ததோ 1973 மார்ச்சில். நடுவே ஏறத்தாழ பதினான்கு மாதம்.

இந்த ஆல்பம் ஏன் இன்னும் நிற்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். காலம், பணம், சாவு, பித்து என்று எல்லோருக்கும் பொதுவான கருப்பொருள் என்பார் ஒருவர். குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரின் வாசிப்பு என்பார் இன்னொருவர். அட்டையில் இருக்கும் முப்பட்டகம் என்பாரும் உண்டு. எதுவும் பொய்யில்லை. ஆனால் பெரிய கருப்பொருளும் நல்ல கிட்டாரும் அழகான அட்டையும் கொண்ட ராக் ஆல்பங்கள் எழுபதுகளில் வண்டி வண்டியாக வந்தன, பெரும்பாலானவை சேகரிப்பாளர்களின் அலமாரியோடு முடிந்துபோயின. இதுவோ அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம், 1973க்கும் 1988க்கும் இடையே அந்தப் பட்டியலில் இருந்தது மொத்தம் 741 வாரம். வந்த வேகத்தில் அடித்துவிட்டுப் போன வெற்றி இல்லை இது.

என் கணிப்பில் காரணம் இரண்டு. ஒன்று, அந்தப் பதினான்கு மாதத்தில் எவற்றைத் தூக்கி எறிந்தார்கள் என்பது. மற்றது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலான இணைப்பில் அவர்கள் போட்ட உழைப்பு.

முதலில் எறிந்தவை. 1972 தொடக்கத்து மேடைப் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன, ஆல்பம் வருவதற்கு முன்பே திருட்டுத் தட்டாகக்கூட ஒன்று சுற்றியது. அவற்றைக் கேட்டால் 'பிரீத்', 'டைம்', 'மணி', 'அஸ் அண்ட் தெம்' நான்கும் ஏறக்குறைய இன்றைய வடிவில் நிற்கின்றன. ஆட்டம் காண்பவை மற்ற இடங்கள்தான். இன்று 'ஆன் த ரன்' இருக்கும் இடத்தில் ஒரு கிட்டார் ஜாம், அதாவது எழுதிவைக்காமல் போகிற போக்கில் வாசிப்பது, எங்கே போகிறது என்று வாசிப்பவர்களுக்கே தெரியாத மாதிரி ஓடும். 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' இருக்கும் இடத்தில் ஆர்கன் வாசிப்பும், அதன் மேல் விவிலிய வாசகங்களை ஓதும் ஒலிநாடாவும். சாவைப் பற்றிச் சொல்கிறோம் என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் இருக்கும். முதல் சில மேடைகளில் 'எக்லிப்ஸ்' இல்லவே இல்லை. 'பிரைன் டேமேஜ்' முடிந்ததும் எல்லாம் அப்படியே தேய்ந்து நின்றது. முடிவு என்று ஒன்று இல்லை என்பது வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது, பேஸ் கிட்டார் வாசித்துப் பாடல் வரிகளும் எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே அதை எழுதிச் சேர்த்தார்.

அதாவது ஆல்பத்தின் மூன்று உச்சங்களும் முதல் வரைவில் பள்ளங்களாக இருந்தவை. எந்த இடத்தில் கூட்டம் இருமத் தொடங்குகிறது, எந்த இடத்தில் அசையாமல் இருக்கிறது என்று ஒரு வருடம் மேடையிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பள்ளங்கள் கண்ணில் படும்.

மேடையில் தேய்த்தால்தான் ஆல்பம் தேறும் என்று இதை விதியாக்கிவிட முடியாது. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டோடு மேடை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு வந்த 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தை முழுக்க ஸ்டூடியோவிலேயே உருவாக்கினார்கள். ஆனால் அவர்களுக்கு ஜார்ஜ் மார்ட்டின் என்ற தயாரிப்பாளர் பக்கத்தில் இருந்தார், எது தேறாது என்று சொல்லக்கூடியவர். பிங்க் ஃப்ளாய்ட் இந்த ஆல்பத்தைத் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். 'இது வேண்டாம்' என்று சொல்ல யாரோ ஒருவர் வேண்டும், அவர்கள் விஷயத்தில் அதைக் கூட்டம் செய்தது.

இனி இணைப்பு. இதில் காதுக்கு உடனே பிடிபடாத ஒன்று கார்டுகளில், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகளில், இருக்கிறது. 'பிரீத்' தொடங்கியதும் இ மைனர், ஏ மேஜர் என்று இரண்டே கார்டுகள் ஊஞ்சலாடும். மைனருக்கு நான்காவதாக மேஜர் கார்டு வருவதால் உண்டாகும் சுரங்களைக் கர்நாடக இசைக் கண்ணோடு பார்த்தால் கரகரப்பிரியாவின் சுரங்கள். அதே இடத்தில் ஏ மைனர் வைத்திருந்தால் தைவதம் ஒரு படி இறங்கி நடபைரவிப் பக்கம் போயிருக்கும், அழுகை கூடியிருக்கும். அந்த ஒரு தைவதம் ஏறி நிற்பதால்தான் சோகம் முழுசாகக் கவியாமல் நிற்கிறது. கமகமெல்லாம் இல்லை, சுர வரிசையை மட்டும் சொல்கிறேன்.

இப்போது 'கிரேட் கிக்'கில் பெண் குரல் ஏறும் இடத்தைக் கேளுங்கள். ஜி மைனர், சி. அதே உறவு, வேறு சுருதி. இரண்டாம் பக்கத்தில் 'எனி கலர் யூ லைக்': டி மைனர், ஜி. இதுவும் அதேதான், 'பிரீத்'தை ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்ததுபோல். 'டைம்' முடியும்போதோ 'பிரீத்'தே ஒருமுறை திரும்பி வருகிறது, பி மைனரில் வந்து நிற்கிறது, அடுத்த 'கிரேட் கிக்'கின் பியானோ அதே பி மைனரில் எடுக்கிறது. வேறு வேறு பாட்டுகளைக் கேட்கும்போதும் ஒரே வீட்டுக்குள் இருக்கிற உணர்வு எப்படி வருகிறது என்பதற்கு இதுதான் விடையில் பாதி. இந்தக் கார்டுகளில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் கை அதிகம். 'பிரீத்'தில் அடி முடிந்து மறுபடி இ மைனருக்குத் திரும்பும் அந்த விசித்திரமான கார்டை ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் கேட்டுப் பிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வாட்டர்ஸ், கில்மர் சண்டைகளைப் பேசுகிறவர்கள் ரைட்டை மறந்துவிடுவது வழக்கம், அது பெரிய அநியாயம்.

விடையின் மறுபாதி ஒலிநாடாவில் இருக்கிறது. 'மணி'யின் தொடக்கத்தில் வரும் கல்லாப்பெட்டிச் சத்தம் ஏழு ஒலிகளால் ஆன ஒரு லூப், முனைகளை ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடும் நாடா. நாணயம் விழுவது, காகிதம் கிழிவது, கல்லா திறப்பது என்று தனித்தனியாகப் பதிந்து, நாடாவை அளவுகோல் வைத்து அளந்து வெட்டி ஒட்டினார்கள். வாட்டர்ஸ் நாணயங்களை வீசிய பாத்திரம் அவர் மனைவி மண்பாண்ட வேலைக்கு வைத்திருந்தது.

கணக்கைப் பார்க்கலாம். அன்றைய ஸ்டூடியோ நாடா வினாடிக்கு 15 அங்குலம், அதாவது சுமார் 38 சென்டிமீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 120 பீட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பீட் அரை வினாடி, 19 செ.மீ. நாடா. ஏழு பீட்டுக்கு 133 செ.மீ. இந்த நீளம் நாடாக் கருவியின் இரண்டு சக்கரங்களுக்குள் அடங்காது. அதனால் வெளியே இழுத்து ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றி விட்டு, கையால் இழுவிசை சரிபார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். நாடா தொய்ந்தால் சுருதி அலையும். வெட்டு நேராக விழுந்தால் ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், ஆகவே சாய்வாக வெட்டுவார்கள். ஒரு துண்டு 1 செ.மீ. நீண்டுவிட்டால் அடுத்த ஒலி 26 மில்லிவினாடி தாமதம். படிப்பதற்கு ஒன்றுமில்லாத அளவு, ஆனால் டிரம்ஸ் வாசிப்பவர் முகம் சுளிப்பார்.

இந்த லூப்பை ஓடவிட்டு அதன் மேல்தான் குழு வாசித்தது. கொஞ்ச நேரத்தில் லூப்பை மெல்ல அடக்கிவிட்டார்கள். அதன்பின் வேகத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை, பாட்டு தானாக வேகம் கூடுகிறது. இன்றைய கணினிக் கட்டத்தில் பொருத்தினால் இது தவறு. கேட்கிறவருக்கோ அதுதான் சூடு. பாட்டும் சாக்ஸஃபோனும் ஏழு எண்ணிக்கையில் போகின்றன. மிஸ்ர சாபு பழகிய கைக்கு ஏழு பிரச்சினையில்லை, ஆனால் அழுத்தம் விழும் இடம் வேறு, தகிட தகதிமி என்று போட்டால் உட்காராது. கிட்டார் சோலோ வந்ததும் நான்குக்கு மாறிவிடுகிறது. மாறிய கணத்தில் ஒரு விடுதலை கிடைக்கிறதே, ராக் இசையில் அதற்கு நிகராகச் சொல்ல எனக்கு அதிகம் தோன்றவில்லை. சோலோவிலும் ஒரு தந்திரம் உண்டு. முதல் பகுதி எதிரொலியும் இரட்டிப்பும் சேர்ந்து பெருத்து நிற்கும், நடுப்பகுதி எல்லாம் வடிந்து வறண்டுபோகும், மூன்றாவது மறுபடி வெள்ளம். நடுவில் வறட்சி இல்லாவிட்டால் மூன்றாவதுக்கு அந்தப் பலம் வராது.

'டைம்' பாட்டின் கடிகாரங்கள் இந்த ஆல்பத்துக்காகப் பதிந்தவையே அல்ல. ஒலிப்பதிவு இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ், நான்கு ஸ்பீக்கர் முறையைச் செய்துகாட்டுவதற்காக ஒரு பழங்கால கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார். அவை எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும்படி பொருத்தினார்கள். அதன்பின் குழுவின் டிரம்மர் நிக் மேசன் வாசிப்பது ரோட்டோடாம், சுருதி மாற்றக்கூடிய மெல்லிய டிரம். பாடல் வரி தொடங்கவே இரண்டேகால் நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வானொலிக்குப் பாட்டுச் செய்கிறவர் யாரும் இப்படி ஒரு முகப்பு வைக்க மாட்டார். இங்கே அது தேவை. 'ஆன் த ரன்' ஒரு வெடிப்பில் முடிகிறது, கேட்பவரின் மூச்சு இறங்க நேரம் வேண்டும்.

'ஆன் த ரன்' பற்றிச் சுருக்கமாக: ஈஎம்எஸ் சிந்தி ஏகேஎஸ் என்ற, பெட்டிக்குள் அடங்கும் சிந்தசைசர், மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி. எட்டே சுரங்களை நிதானமாக உள்ளிட்டு, வேகத்தைக் கூட்டி, ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டரைக் கையால் திருகிக்கொண்டே பதிந்தது. மெட்டு என்று ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பழைய கிட்டார் ஜாம் மூச்சு முட்ட முயன்றும் கொண்டுவர முடியாத பதற்றத்தை எட்டு சுரம் கொண்டுவந்துவிட்டது.

'கிரேட் கிக்' விவரம் பலருக்குத் தெரிந்ததுதான். 1973 ஜனவரியில் கிளேர் டோரி என்ற பாடகியை அழைத்தார்கள். வரிகள் இல்லை, மெட்டும் இல்லை. அவர் வழக்கமான காதல் பாட்டுச் சொற்களைப் போட்டுப் பாட ஆரம்பிக்க, சொல்லே வேண்டாம் என்றார்கள். தன் குரலை ஒரு கருவியாக நினைத்துக்கொண்டு பாடினார். சில டேக்குகளில் முடிந்தது, அவற்றிலிருந்து எடுத்துச் சேர்த்ததுதான் நாம் கேட்பது. ஊதியம் 30 பவுண்டு. 2004இல் அவர் வழக்குப் போட்டார், 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது, அதன்பின் இசையமைப்பில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. முப்பது ஆண்டு தாமதமானாலும் நியாயம்தான். ரைட் கொடுத்தது கார்டுகள், நாம் முணுமுணுப்பது டோரியின் மெட்டு.

பேச்சுக் குரல்கள் இன்னொரு இணைப்பு. வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி, ஸ்டூடியோவில் இருந்தவர்களை மைக் முன் உட்காரவைத்தார். எளிய கேள்வியில் தொடங்கி, கடைசியாக எப்போது கைநீட்டினாய், நீ செய்தது சரிதானா, சாக பயமா என்று போகும். மேடைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள், அபே ரோடு ஸ்டூடியோவின் வாயிற்காவலர் எல்லோரும் பதில் சொன்னார்கள். பக்கத்தில் வேலையாக இருந்த பால் மெக்கார்ட்னியும் சொன்னார், அவர் பதிலைப் பயன்படுத்தவில்லை. மனசில் இருந்து பேசாமல் நடித்துப் பேசியது அந்தப் பதிவில் தெரிந்தது. பீட்டில் ஒருவரின் குரலை வைத்தால் கிடைக்கும் விளம்பரத்தை விட்டுவிட்டு வாயிற்காவலரின் குரலை வைத்ததை நான் இந்த ஆல்பத்தின் மிகச் சரியான முடிவுகளில் ஒன்றாகச் சொல்வேன்.

இத்தனையும் 16 டிராக் நாடாவுக்குள், அதாவது பதினாறு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதியும் நாடாவுக்குள். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, கிட்டார் என்று போட்டதும் இடம் தீர்ந்துவிடும். அப்புறம் பல டிராக்குகளைக் கலந்து இரண்டாவது நாடாவுக்குக் கொண்டுபோய், மிச்சமிருக்கும் டிராக்குகளில் குரலும் சத்தங்களும். இதில் இரண்டு ஆபத்து. ஒவ்வொரு பிரதியிலும் நாடாவின் இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள் மழுங்கும். அதைவிடப் பெரியது: கலந்தது கலந்ததுதான், டிரம்ஸின் அளவை அப்புறம் தனியாக மாற்ற முடியாது. அதனால் முடிவை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். நூறு டிராக் வைத்துக்கொண்டு எல்லா முடிவையும் கடைசி நாளுக்குத் தள்ளும் இன்றைய பழக்கத்தில் இந்தக் கட்டாயம் இல்லை, தெளிவும் பல நேரம் இல்லை.

கடைசிக் கலவையின்போது வாட்டர்ஸுக்கும் கில்மருக்கும் ஒத்துப்போகவில்லை. வாட்டர்ஸுக்கு ஒலி வறண்டு இருக்க வேண்டும், பேச்சுக் குரல்கள் தெளிவாகக் கேட்க வேண்டும். கில்மருக்கு ரிவர்ப், அதாவது பெரிய அறையில் ஒலிப்பதுபோன்ற முழக்கம், வேண்டும், குரல்கள் அடங்கி இசை மேலே வர வேண்டும். நடுவராக கிறிஸ் தாமஸ் என்ற தயாரிப்பாளரை அழைத்து வந்தார்கள். இருவருமே முழுசாக ஜெயிக்கவில்லை. ஒருவர் ஜெயித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஓரளவு சான்றும் கையில் உண்டு: 2023இல் வாட்டர்ஸ் தனியாக இதே பாட்டுகளை இதே வரிசையில், கிட்டார் சோலோக்களை எடுத்துவிட்டு, நிறையப் பேச்சைச் சேர்த்துப் பதிந்தார். கருத்து அப்படியே இருக்கிறது. ஒருமுறை கேட்டேன் என்று சொல்பவர்களைப் பார்க்கலாம், தினமும் கேட்கிறேன் என்பவர்கள் அரிது.

தட்டின் இரண்டு பக்கம் என்ற கட்டுப்பாடும் சேர்ந்துதான் இந்த வடிவம். முதல் பக்கம் சுமார் 19 நிமிடம், சாவோடு முடிகிறது. எழுந்து போய்த் தட்டைத் திருப்பினால் கல்லாப்பெட்டி. இரண்டாம் பக்கம் 23 நிமிடத்தைத் தாண்டுகிறது, அங்கே இயற்பியல் குறுக்கே வரும். 33⅓ சுற்றில் ஓடும் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் வினாடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள் ஓரத்தில் சுமார் 21 செ.மீ. மட்டும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் பொறிக்க வேண்டும். ஆல்பத்திலேயே அதிகச் சத்தமான 'எக்லிப்ஸ்' விழுவது சரியாக அந்த உள் ஓரத்தில். பழைய தட்டு வாங்குகிறவர்கள் முதலில் அங்கேதான் ஊசியை வைத்துப் பார்க்க வேண்டும். பாடகர்களின் 'ஸ்' ஒலி கரகரத்தால் ஊசி தேய்ந்திருக்கலாம், அல்லது ஊசியைத் தாங்கும் கை சரியாகப் பொருந்தவில்லை. இரண்டையும் சரிசெய்த பிறகும் கரகரத்தால் தட்டு தேய்ந்தது, விலை பேசாமல் வைத்துவிடலாம்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு வேறு தொல்லை. 'பிரீத்'தும் 'ஆன் த ரன்'னும், 'பிரைன் டேமேஜ்'ஜும் 'எக்லிப்ஸ்'ஸும் தனித்தனிக் கோப்புகள், ஆனால் ஒலி தொடர்ச்சி. பழைய எம்பி3 கோப்பில் ஒரு சட்டகம் (ஒலியை வெட்டி அடுக்கும் ஒரு துண்டு) 1152 ஒலி மாதிரிகள், சுமார் 26 மில்லிவினாடி. கடைசிச் சட்டகத்தில் மீதி இடத்தை மௌனத்தால் நிரப்பிவிடும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேரும். மேலே சொன்ன ஒரு சென்டிமீட்டர் நாடா அளவுக்கான விக்கல் ஒவ்வொரு இணைப்பிலும். ஆகவே செயலியின் அமைப்பில் இடைவெளியில்லா இசைப்பை இயக்குங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் மேல் ஏற்றும் கிராஸ்ஃபேடை சுழியத்தில் வையுங்கள், வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணையுங்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதையும் அணைப்பது நல்லது. பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தினால் தொடக்கத்து இதயத் துடிப்பு மேலே ஏறி, 'எக்லிப்ஸ்' கீழே இறங்கிவிடும். தொடக்கத்தில் துடிப்பு கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டாதீர்கள். அது மேசனின் பேஸ் டிரம், இருப்பதே தெரியாமல் நுழைய வேண்டும். கூட்டினால் 'பிரீத்'துக்கு முந்தைய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் வருவார்.

அட்டையைப் பற்றி இரண்டு வரி போதும். ஹிப்னாசிஸ் நிறுவனத்தின் ஸ்டார்ம் தோர்கர்சன், ஆப்ரி பவல் யோசனைக்கு ஜார்ஜ் ஹார்டி வரைந்தது. முன்பக்கத்தில் குழுவின் பெயர் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. நிறமாலையில் ஆறு நிறம்தான். விரித்தால் உள்ளே இதயத் துடிப்பின் கோடு ஓடுகிறது.

சத்தங்களை வெட்டி ஒட்டியதால்தான் இது பெரிய ஆல்பம் ஆனது என்று யாராவது சொன்னால், குழுவினரே அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம். இது முடிந்த கையோடு, இசைக்கருவியே இல்லாமல் ரப்பர் வளையம், ஒயின் கோப்பை போன்ற வீட்டுப் பொருள்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்யப் புகுந்தார்கள். ஸ்டூடியோவும் அதே, கைகளும் அதே. நாள்கணக்கில் உழைத்தும் பாட்டு வரவில்லை, திட்டத்தைக் கைவிட்டார்கள். தண்ணீர் ஊற்றிய ஒயின் கோப்பைகளின் விளிம்பைத் தடவி எடுத்த ஒலி மட்டும் தப்பிப் பிழைத்தது. 1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் முதல் பாட்டு தொடங்கும்போது, சிந்தசைசருக்கு அடியில் அதைக் கேட்கலாம்.